றைற் சகோதரரும் 1901ஆம் ஆண்டின் சோர்வும்

விமானம் என்னுஞ் சொல் தமிழுக்குப் புதியதன்று. கோயிற் கருவறையின் மேலெழுந்து நிற்கும் கட்டடத்தையும், குபேரனிடமிருந்து இராவணன் கவர்ந்ததாகக் கூறப்படும் புட்பகத்தையும் முன்னோர் அச்சொல்லாலேயே வழங்கினர். மனிதன் தன் கையாற் செய்து, தானே ஏறிச் செலுத்திய பொறி விமானமோ 1903ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 17ஆந் திகதியன்று, ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கடற்கரை மணலில் முதன்முதலாக நிலத்தை விட்டெழுந்தது. அதனைச் செய்த வில்பர் றைற், ஓர்வில் றைற் என்னும் சகோதரர் இருவரின் பெயரையும் அறியாத மாணாக்கர் இலர். ஆனால், பாடநூல்கள் இவ்வரலாற்றைக் கூறும் முறையிலே ஒரு குறையுண்டு. 1899இல் ஆசை பிறந்தது, 1900இல் முயற்சி தொடங்கியது, 1903இல் வெற்றி கிடைத்தது என்று, மலைப்படியில் ஒருவர் அடிமேல் அடி வைத்து ஏறியது போல அவை சொல்லிச் செல்கின்றன. அப்படிகளின் நடுவே ஒன்று உடைந்து கிடந்தது. 1901ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் கடைசியில் அவ்விருவரும் தம் வேலையை ஏறக்குறையக் கைவிட்டிருந்தனர். அவர்களை மீண்டும் அதன்பால் திருப்பியது யாது என்பது, விமானம் எவ்வாறு பறக்கின்றது என்பதற்கு எவ்வகையிலும் குறையாத ஆராய்ச்சிக்குரிய வினாவாகும்.

வில்பர் 1867இலும் ஓர்வில் 1871இலும் பிறந்தவர்கள். தந்தையார் மில்ற்றன் றைற் ஒரு கிறித்தவ சபையின் மேற்றிராணியார். தாயார் 1889இற் காலமானார். மூத்த சகோதரர் இருவரும் மணஞ்செய்து வேறு குடும்பமாயினர். எஞ்சிய வில்பரும் ஓர்விலும் தங்கை கதறினும் ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரிலே தந்தையாரின் வீட்டில் வாழ்ந்தனர். சகோதரர் இருவரும் பல்கலைக்கழகத்தை மிதித்தவரல்லர். ஓபர்லின் கல்லூரியிற் பட்டம் பெற்ற கதறினே அக்குடும்பத்துப் பிள்ளைகளிற் பட்டதாரி. அவர் டேற்றன் உயர்நிலைப் பள்ளியொன்றில் இலத்தீன் மொழி கற்பித்து வந்தார். தமையன்மார் இருவரும் துவிச்சக்கர வண்டி செய்து விற்றும் பழுது பார்த்தும் சீவித்தனர். கோடையில் அவ்வியாபாரம் மும்முரமாயிருக்கும். குளிர்காலத்திற் கடை ஓய்ந்திருக்கும். இந்த ஓய்வுக்காலமே உலக வரலாற்றை மாற்றியது என்றால் அது மிகையாகாது.

செருமனிய பொறியியலாளராகிய ஒற்றோ லிலியென்தால், பொறி எதுவுமின்றிக் காற்றிற் சறுக்கி இறங்கும் விமானங்களைச் செய்து, இரண்டாயிரந் தடவை வரையிற் குன்றுகளிலிருந்து பறந்து பழகியவர். 1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவ்வாறு பறக்கையில் விழுந்து இறந்தார். அச்செய்தியே வில்பரின் உள்ளத்தில் இவ்விடயத்தை ஊன்றியது. 1899ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி அவர் வாசிங்ரன் நகரிலுள்ள சிமித்சோனியன் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பறத்தலைப் பற்றிய நூல்களின் விவரத்தைக் கேட்டார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஒக்தேவ் சனூற் என்பவருடன் கடிதத் தொடர்பு பூண்டார். பிரான்சிற் பிறந்து அமெரிக்காவிற் பாலங்களும் புகையிரதப் பாதைகளும் அமைத்துப் புகழ்பெற்ற பொறியியலாளரான சனூற், அதுகாறும் உலகெங்கணும் நடந்த பறக்கும் முயற்சிகளைத் தொகுத்து 1894இல் நூலாக வெளியிட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. இம்முதியவரின் நட்பு பின்னர் எவ்வாறு பயன்பட்டதென்பதே இக்கட்டுரையின் நடுப்பொருள்களுள் ஒன்று.

1900ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், காற்று இடையறாது வீசும் கிற்றி ஹோக் என்னுங் கடற்கரைச் சிற்றூருக்குச் சகோதரர் தம் முதற் சறுக்கு விமானத்தைக் கொண்டு சென்றனர். அது கணக்கிட்ட அளவுக்கு எழும்பவில்லை. பெரும்பாலும் அதனைப் பட்டம் போலக் கயிற்றிற் கட்டியே பறக்கவிட்டனர். திரும்பும்போது அதனை மணலிலேயே விட்டுவந்தனர். அவ்வூர்ப் பெண்மணியொருவர் அதன் சிறகுத் துணியை எடுத்துத் தம் சிறுமியருக்குச் சட்டை தைத்துக்கொண்டார் என்பது வரலாற்றின் ஓரத்தில் நிற்கும் இனிய செய்தி.

அடுத்த ஆண்டு யூலை மாதத்தில் அவர்கள் மீண்டும் சென்றனர். இம்முறை கிற்றி ஹோக்குக்குத் தெற்கே நான்கு மைல் தொலைவிலுள்ள கில் டெவில் குன்றுகள் என்னும் மணல்மேடுகளின் அடியிற் கொட்டகை அமைத்தனர். விமானத்தின் சிறகு நீளம் 22 அடி, பரப்பு 290 சதுர அடி. அதுவரை எவரும் அத்துணைப் பெரிய சறுக்கு விமானத்திற் பறக்க முயன்றதில்லை. லிலியென்தால் வெளியிட்ட அட்டவணையைக் கொண்டு கணக்கிட்டுச் செய்யப்பட்ட அவ்விமானம், கணக்கின்படி எழவேண்டிய விசையின் மூன்றிலொரு பங்கையே தந்தது. சிறகின் வளைவு மிகுதியாயிற்றோ என்று ஐயுற்று, குன்றின் அடியிலேயே அதனைக் கழற்றி வளைவைக் குறைத்தனர். சிறிது திருத்தம் கண்டது. 389 அடி தூரம் வரை பறக்கவும் முடிந்தது. ஆனால், அதனினும் பெரிய இடர் ஒன்று தலைகாட்டியது. சிறகுகளின் நுனியை முறுக்கி விமானத்தைச் சாய்த்துத் திருப்புவது அவர்கள் கண்ட புது வழி. அவ்வாறு முறுக்கும்போது உயர்ந்த பக்கத்துச் சிறகு காற்றில் இழுபட்டுப் பின்தங்கியது. திரும்ப வேண்டிய திசையை விட்டு மறுதிசை நோக்கி விமானம் வழுக்கியது. ஓகஸ்ட் மாதம் 9ஆந் திகதி வில்பர் மணலில் மோதி முகத்திற் காயமடைந்தார். கணக்கும் பொய்த்தது, கருத்தும் பொய்த்தது. இவற்றோடு கொசுப்படையும், பெருமழையும், சனூற் அனுப்பிய உதவியாளர் ஒருவரின் பொறுக்கவொண்ணா நடத்தையும் சேர்ந்துகொண்டன.

ஓகஸ்ட் 22ஆந் திகதி காலை அவர்கள் முன்னறிவித்தலின்றி வீட்டினுள் நுழைந்தனர். சில நாட்களின் பின் கதறின் தந்தையாருக்கு எழுதிய கடிதத்தில், தமையன்மார் பறத்தலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்றும், அந்த உதவியாளர் எவ்வளவு வெறுக்கத்தக்கவர் என்பதையே பேசிக்கொண்டிருக்கின்றனர் என்றும் குறிப்பிட்டார். தோல்வியுற்று வீடு திரும்பியவர் தோல்வியைப் பற்றிப் பேசாது, வழித்துணையாய் வந்தவனைப் பற்றிப் பேசுவது உலக இயல்பு. கதறினின் இவ்வொரு வரி, பிற்காலத்துச் சொற்பொழிவுகள் பலவற்றிலும் நம்பத்தகுந்த சான்றாகும்.

அந்நாளிலே வில்பர் தம் தம்பியிடம் கூறியது என ஒரு கூற்று வழங்குகின்றது. மனிதன் பறக்க இன்னும் ஆயிரம் ஆண்டு செல்லும் என்று அவர் சொன்னதாக, ஓர்விலின் ஒப்புதலுடன் 1943இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு கூறும். வில்பரோ 1908ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடந்த விருந்தொன்றிற் பேசுகையில், ஐம்பது ஆண்டு என்று தாம் சொன்னதாகவே குறிப்பிட்டார். பிறிதோரிடத்தில், தம் வாழ்நாளில் அது நிகழாது என்று எண்ணியதாகவும் கூறியுள்ளார். எண் வேறுபடுகின்றது, கருத்து வேறுபடவில்லை. மூன்று கூற்றுக்களுள் எளிமையான கடைசிக் கூற்றே உண்மைக்கு அணித்ததாகத் தோன்றுகின்றது. ஆயிரமும் ஐம்பதும் மேடைக்கும் புத்தகத்துக்கும் பொருந்தும் எண்கள். களைத்துப்போன ஒருவர் புகையிரதத்திலிருந்து சொல்லக்கூடியது, 'நம் காலத்தில் நடவாது' என்பதே.

அவர்கள் அவ்வாறு எண்ணியது கோழைத்தனமன்று. அந்நிலையில் வேலையை விட்டுவிடுவதே அறிவுடையார் செய்யத்தக்கது எனக் கூறவும் இடமுண்டு. அவர்களிடம் எவரும் விமானம் கேட்கவில்லை. எவருக்கும் அவர்கள் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. செலவிட்ட பணம் அவர்களது சொந்தப் பணம். துவிச்சக்கர வண்டிக் கடை நல்ல வருவாய் தந்துகொண்டிருந்தது. லிலியென்தாலின் முடிவும் கண்முன் இருந்தது. தொடங்கிய வண்டியைக் கொட்டகையிற் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கச் செல்லும் மனிதர் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உளர். வில்பர் 1901ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் இறங்கி நின்றது அவர்களோடொத்த இடத்திலேயே. அவர் அங்கேயே நின்றிருப்பின் அவர் பெயரை இன்று எவரும் அறியார். பழி கூறுவோரும் இரார்.

அப்போதுதான் சனூற்றின் கடிதம் வந்தது. சிக்காகோ நகரிலுள்ள மேற்குப் பொறியியலாளர் சங்கத்துக்கு அவர் அவ்வாண்டு தலைவராயிருந்தார். செப்டெம்பர் 18ஆந் திகதி அச்சங்கத்தின் கூட்டத்தில் வந்து பேசுமாறு வில்பரை அழைத்தார். கில் டெவில் குன்றுகளின் அடியில் ஒரு கிழமை தங்கி அவர்களது பறத்தலை நேரிற் கண்டவர் அவர். தோல்வி என்று சகோதரர் கருதியதை அவர் தோல்வியாகக் கருதவில்லை. அதுகாறும் உலகில் எவரும் செய்ததிலும் அது மேலானது என்பது அவரது துணிபு. முப்பதாண்டுக் கால முயற்சிகளின் வரலாற்றைத் தம் விரல்நுனியில் வைத்திருந்த ஒருவரே அவ்வாறு ஒப்பிட்டுச் சொல்ல முடியும். சகோதரர் தம் விமானத்தைத் தம் கணக்கோடு ஒப்பிட்டனர். சனூற் அதனைப் பிறர் விமானங்களோடு ஒப்பிட்டார். இரண்டு அளவுகோல்களும் சரியானவையே.

வில்பர் மறுத்துவிடவே எண்ணினார். பொறியியலாளர் சபையொன்றிற் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஆயத்தஞ் செய்யப் போதிய நாட்களும் இல்லை. கதறின் விடவில்லை. தாம் நச்சரித்தே அண்ணனைச் சம்மதிக்க வைத்ததாக அவர் தந்தையாருக்கு எழுதியுள்ளார். பேச்சு நகைச்சுவையாக அமையுமா, அறிவியலாக அமையுமா என வீட்டார் கேட்டபோது, முடிப்பதற்குள் அது பரிதாபமாகவே அமைந்துவிடும் போலும் என வில்பர் விடையிறுத்தாராம். உடைகளில் நாட்டமுடைய தம்பியின் சட்டையும், கழுத்துப் பட்டியும், கைப்பட்டிகளும், மேலங்கியும் அணிந்து அவர் சிக்காகோவுக்குப் புறப்பட்டார். அண்ணன் அத்துணைப் பொலிவாக என்றும் தோன்றியதில்லை என்பது கதறினின் மதிப்பு. பெரிய வரலாற்று நிகழ்ச்சிகளின் பின்னணியில் இத்தகைய இரவல் மேலங்கிகள் கிடப்பதை வரலாற்றாசிரியர் பலர் எழுதாது விட்டுவிடுகின்றனர்.

பேச்சு நன்றாகவே அமைந்தது. ஒளிப்படங்களைத் திரையிற் காட்டி, பறத்தலின் முதற் சிக்கல் பொறியன்று, சமநிலையும் செலுத்துந் திறனுமே என்பதை வில்பர் விளக்கினார். முரட்டுக் குதிரையை அடக்கக் கற்பவன் வேலிமேல் அமர்ந்து அதனை நோக்குவதோடு நில்லாது அதன் முதுகில் ஏறவும் வேண்டும் என்னும் உவமையும் அப்பேச்சில் வந்ததே. ஐந்தாண்டு முயன்ற லிலியென்தால், வானிற் கழித்த நேரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலமே வரும் என்றும் அவர் எடுத்துக்காட்டினார்.

பேச்சினால் விளைந்த பெரும்பயன் சபையிலிருந்தோர்க்கன்று, பேசியவர்க்கே. தம் விமானம் ஏன் எழவில்லை என்பதை அறிஞர் முன்னிலையிற் சொல்ல வேண்டுமாயின், அட்டவணை பிழை என்று சொல்ல வேண்டும். லிலியென்தால் உயிரைக் கொடுத்துப் பெற்ற அட்டவணை அது. உலகில் அனைவரும் நம்பியிருந்தனர். அதனைப் பிழையென்று கூறத் துவிச்சக்கர வண்டிக்காரர் இருவருக்கு என்ன ஆதாரம்? வில்பர் சிக்காகோவில் ஐயத்தை வெளியிட்டார். டேற்றனில் இருந்த ஓர்வில் அஞ்சினார். அப்பேச்சு அச்சேறப் போகின்றது. அச்சிலே வந்தபின் அது தவறென்று தெரிந்தால் என் செய்வது? ஆகவே அவர், கஞ்சிமா அடைத்து வந்த பழைய பெட்டியொன்றை எடுத்து, அதனுட் காற்றைச் செலுத்தி, சிறிய தகடுகளை வைத்து ஒரே நாளிற் சோதனை செய்து பார்த்தார். அட்டவணையில் ஐயத்துக்கு இடமுண்டு என்றே தோன்றியது. ஆயினும் ஐயத்தை உறுதியாக அச்சிட அது போதாது. கட்டுரை வெளியாகும்போது கடுஞ்சொற்கள் சில நீக்கப்பட்டன.

இவ்விடத்தில் வரலாற்று மாணவன் சற்று நின்று நோக்க வேண்டும். சகோதரர் மீண்டும் வேலையில் இறங்கிவிட்டனர். ஆனால், பறக்கலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்குத் திரும்பியதாக எச்சான்றும் இல்லை. 'நாம் பறப்போம்' என்னும் உறுதி கொண்டு அவர்கள் எழவில்லை. 'நாம் சபையிற் சொன்னது சரிதானா?' என்னும் சிறு வினாவே அவர்களைக் கடைக்குள் மீண்டும் அழைத்துச் சென்றது. முன்னைய வினாவுக்கு விடை ஐம்பதாண்டு தூரத்தில் இருந்தது. பின்னைய வினாவுக்கு விடை கஞ்சிமாப் பெட்டிக்குள் இருந்தது.

அடுத்துச் செய்த சோதனை மேலும் வினோதமானது. துவிச்சக்கர வண்டியொன்றின் முன்புறத்தில் மூன்றாவது சில்லு ஒன்றைத் தட்டையாகப் படுக்கவைத்துச் சுழலுமாறு பூட்டினர். அச்சில்லின் விளிம்பில் ஒரு பக்கம் காற்றுக்கு நேரெதிராகத் தட்டைத் தகடும், மற்றொரு பக்கம் சிறகு போன்ற வளைந்த தகடும் பொருத்தினர். லிலியென்தாலின் கணக்கின்படி வளைந்த தகடு 5 பாகைக் கோணத்தில் நின்றால் இரண்டு விசையும் ஒத்துச் சில்லு அசையாது நிற்க வேண்டும். டேற்றன் வீதிகளில் வண்டியை விரைந்து மிதித்து ஓட்டிப் பார்த்தபோது சில்லு நிற்கவில்லை. 18 பாகை வரை உயர்த்திய பின்னரே அது நின்றது. வழியிற் சென்றோர் அக்காட்சியைக் கண்டு என்ன எண்ணியிருப்பர் என்பதை ஊகிக்கலாம்.

பின்னரே காற்றுச் சுரங்கம் அமைந்தது. ஆறடி நீளமும் உள்ளே பதினாறு அங்குலச் சதுரமுங் கொண்ட மரப்பெட்டி அது. மேலே நோக்குவதற்கு ஒரு கண்ணாடி. கடையிலிருந்த வாயுப் பொறி, தோற்பட்டியினால் விசிறியைச் சுழற்றி, மணிக்கு ஏறக்குறைய 27 மைல் வேகத்திற் காற்றைச் செலுத்தியது. காற்றுச் சுழிக்காது நேராகச் செல்லுமாறு செய்யப் பல நாட்கள் பிடித்தன. சோதனை தொடங்கியபின் அறையில் ஒரு பொருளும் இடம் மாற விடவில்லை. கருவியை நோக்குபவரும் ஒரே இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது விதி. இரும்பறுக்கும் வாளின் அலகுகளையும், துவிச்சக்கர வண்டிச் சில்லுக் கம்பிகளையும் கொண்டு அவர்கள் செய்த தராசுகள் இரண்டு. பார்வைக்குக் குப்பையிற் பொறுக்கிய கம்பிகள் போன்றவை. ஆனால், அவற்றின் அமைப்பிலுள்ள நுட்பம் வியக்கத்தக்கது. சிறகு மாதிரியின் உயர்த்து விசையை, அதே காற்றில் நிற்கும் தட்டைத் தகடுகளின் எதிர்ப்போடு நேரே ஒப்பிடுமாறு முதலாவது தராசு செய்யப்பட்டது. இரண்டின் மீதும் வீசுவது ஒரே காற்றாதலால், காற்றின் வேகம் சிறிது ஏறினும் இறங்கினும் விடை மாறாது. வேகத்தைச் செம்மையாக அளக்கக் கருவியில்லாத குறையை, வேகத்தை அளக்கவே வேண்டாதபடி செய்து அவர்கள் வென்றனர்.

தகரக் கத்தரியால் வெட்டிச் சுத்தியலால் தட்டி வளைத்த உருக்குத் தகட்டுச் சிறகுகள் ஏறக்குறைய இருநூறு வகை அவ்வாண்டு நவம்பர், டிசெம்பர் மாதங்களில் அப்பெட்டியினுட் சென்று வந்தன. நீண்டவை, குறுகியவை, வளைவு மிக்கவை, குறைந்தவை, நுனி கூர்ந்தவை, ஒன்றன்மேலொன்று அடுக்கியவை என அவை பலதிறத்தன. அவற்றுட் சிறந்தவற்றைத் தேர்ந்து, கோணம் கோணமாக அளந்து, தாமே புதிய அட்டவணை எழுதினர்.

அப்போதுதான் குற்றவாளி யார் என்பது புலனாயிற்று. சிறகொன்றின் உயர்த்து விசையைக் காண நான்கு எண்களைப் பெருக்குவது வழக்கம்: சிறகின் பரப்பு, வேகத்தின் வர்க்கம், சிறகின் வடிவுக்கும் கோணத்துக்கும் உரிய எண், இவற்றோடு காற்றின் அமுக்கத்தைக் குறிக்கும் நிலையான எண் ஒன்று. இக்கடைசி எண், 0.005 என்பது, ஆங்கிலப் பொறியியலாளர் சோன் ஸ்மீற்றன் 1759இல் வெளியிட்ட காற்றாடி ஆராய்ச்சியோடு தொடர்புடையது. எடிஸ்ரன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய பேரறிஞர் அவர். அவர் பெயருக்கிருந்த மதிப்பினால் நூற்றுநாற்பதாண்டுக் காலம் அந்த எண் பெரும்பாலும் கையாளப்பட்டு வந்தது. சகோதரர் கண்ட எண்ணோ 0.0033. பழைய எண்ணைக் கொண்டு கணக்கிட்டவன், கிடைக்கும் விசையை ஒன்றரை மடங்காகக் கணித்துவிடுவான். எஞ்சிய வேறுபாட்டுக்குக் காரணம், லிலியென்தாலின் சிறகு வேறு வடிவினது. அவருடைய அட்டவணையை வேறு வடிவச் சிறகுக்குப் பொருத்தியமையே பிழை. அட்டவணை அதற்குரிய சிறகைப் பொறுத்தவரையில் ஏறக்குறையச் சரியானதாகவே இருந்தது. சிக்காகோவில் ஐயுற்ற லிலியென்தாலுக்குச் சகோதரர் பின்னர் உரிய நியாயத்தை வழங்கினர். ஐயுற்றவரே ஐயத்தைத் தீர்த்தும் வைத்தது ஆராய்ச்சியுலகில் அடிக்கடி காணக்கிடைக்காத நேர்மையாகும்.

மேலும் ஒன்றைக் கண்டனர். அகன்று குட்டையான சிறகிலும், ஒடுங்கி நீண்ட சிறகே அதே பரப்புக்கு மிகுந்த பயன் தருகின்றது. 1901ஆம் ஆண்டு விமானத்தின் சிறகு குட்டை. மணல்மேட்டில் நிகழ்ந்த தோல்விக்குக் கைத்திறன் காரணமன்று, துணிவுக் குறைவு காரணமன்று, மனிதன் பறக்கலாகாது என்னும் இயற்கை விதியும் காரணமன்று. எண்ணொன்றும் வடிவமொன்றுமே காரணம் என்பது ஐயத்துக்கிடமின்றித் துணியப்பட்டது. அக்குளிர்காலத்துக் கடிதங்களில் ஓகஸ்ட் மாதத்துச் சோர்வின் நிழலையும் காணவியலாது. சோர்வு நீங்கியபின் வேலை தொடங்கியதென்று கூறுவதிலும், வேலை தொடங்கி மூன்று மாதம் சென்றபின் சோர்வு இருந்த இடம் தெரியவில்லை என்று கூறுவதே சான்றுகளுக்கு இயைந்தது.

டிசெம்பரில், அடுத்த கோடைக்கான வண்டிகளைச் செய்யவேண்டிய காலம் வந்ததும், அவர்கள் சோதனையை நிறுத்தினர். சனூற்றுக்கு இது பெருவருத்தந் தந்தது. செல்வர் ஒருவர் ஆண்டுக்குப் பதினாயிரம் டொலர் அளிப்பாராயின் ஆராய்ச்சியைத் தொடர்வீர்களா என வினவி, இரும்புத் தொழிலிற் பெருஞ்செல்வம் ஈட்டிய அண்ட்றூ காணெகியைத் தாம் அறிவதாகவும், அவருக்கு எழுதலாமெனவும் தெரிவித்தார். வில்பர் பணிவாக மறுத்தார். இம்மறுப்பைத் தற்செருக்கு என்று கருதுவோரும் உளர். கொடையாளி ஒருவரின் பணத்தைப் பெற்றவன், அவர் எதிர்பார்க்கும் நாளில் எதிர்பார்க்கும் பயனைக் காட்டவேண்டியவனாவான். கடையின் வருவாயில் வாழ்பவனோ டிசெம்பரிற் பெட்டியை மூடிவிட்டு, விரும்பிய நாளில் திறக்கலாம். சகோதரர் தம் வேலையின் வேகத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையைப் பதினாயிரம் டொலரிலும் உயர்ந்ததாக மதித்தனர் என்பதே பொருத்தம்.

1902ஆம் ஆண்டுச் சறுக்கு விமானம் முழுவதும் அப்பெட்டியின் புதல்வன். சிறகு 32 அடி நீளமாயிற்று. பரப்போ 305 சதுர அடி மட்டுமே. கைவிடப்பட்டிருந்த 1901ஆம் ஆண்டு விமானத்தின் நிமிர்தண்டுகள் இதில் மீண்டும் பொருத்தப்பட்டன. விமானம் கணக்கின்படியே எழுந்தது. திருப்பத்தில் வழுக்கும் இடர் மட்டும் எஞ்சியது; பின்னே நிலையாக நிறுத்திய வால் அதனைத் தீர்க்கவில்லை, சில வேளைகளில் மிகுவித்தது. ஒக்டோபர் மாத இரவொன்றிற் கோப்பி மிகுதியாகக் குடித்து உறக்கம் வராது கிடந்த ஓர்வில், வாலை அசையுமாறு செய்யலாம் என எண்ணினார். காலையிற் கூறியபோது, அவ்வசைவைச் சிறகு முறுக்கும் கயிற்றோடே பிணைத்துவிடலாம் என வில்பர் உடனே சேர்த்துரைத்தார். அப்பருவத்தில் எழுநூறுக்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்ட தடவை அவர்கள் பறந்தனர். மிக நீண்ட பறத்தல் 26 வினாடியில் 622½ அடி. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர்கள் விண்ணப்பித்து, 1906இற் கிடைத்த உரிமைப் பத்திரம் இந்தச் சறுக்கு விமானத்தையே விவரிக்கின்றது. அதிற் பொறி இல்லை.

எஞ்சிய வரலாறு யாவரும் அறிந்தது. கடையின் தொழிலாளி சாள்ஸ் ரெயிலர் ஆறு கிழமையிற் பொறியைச் செய்து கொடுத்தார். அதேயாண்டு ஒக்டோபர் 7ஆந் திகதியும் டிசெம்பர் 8ஆந் திகதியும், சிமித்சோனியன் நிலையத்தின் செயலாளர் சாமுவேல் லாங்லி, போர்த்துறை அளித்த 50,000 டொலரைக் கொண்டு அமைத்த விமானம் பொற்றோமக் ஆற்றில் விழுந்தது. இரண்டாவது வீழ்ச்சிக்கு ஒன்பது நாட்களின் பின் ஓர்வில் 12 வினாடி பறந்தார். அன்று நண்பகலில் நான்காம் முறை எழுந்த வில்பர் 59 வினாடியில் 852 அடி சென்றார். சகோதரர் அனைத்துக்கும் செலவிட்ட தொகை ஆயிரம் டொலரை எட்டவில்லை.

சனூற்றுக்கும் சகோதரருக்கும் இடையே பின்னாளிற் பிணக்கு விளைந்தது. தம் கண்டுபிடிப்பின் உரிமைக்காக அவர்கள் வழக்குகளில் இறங்கியதை முதியவர் விரும்பவில்லை. அவர்களது வெற்றியில் தமக்கிருந்த பங்கு எவ்வளவு என்பதிலும் இரு சாராரும் ஒத்த கருத்தினராயிருக்கவில்லை. 1910ஆம் ஆண்டு நவம்பரிற் சனூற் காலமானார். இரண்டு மாதத்தின் பின் வில்பர் அவரைப் பற்றிப் புகழுரையொன்று எழுதி வெளியிட்டு, அவருடைய உழைப்பு இல்லாதிருப்பின் பறத்தற்கலையின் வரலாறே வேறாயிருந்திருக்கும் என்னும் கருத்தை அதில் அமைத்தார். டேற்றனில் அவர்கள் வைத்திருந்த கடையையும் வாழ்ந்த வீட்டையும் பிற்காலத்தில் கென்றி போட் விலைக்கு வாங்கி மிச்சிக்கன் மாநிலத்துக்குப் பெயர்த்துச் சென்றார். வாள் அலகுகளாலும் சில்லுக் கம்பிகளாலும் ஆன தராசுகள் பிலடெல்பியா நகரத்துப் பிறாங்கிளின் நிலையத்தில் வைத்துப் பேணப்படுகின்றன.